கட்டை மிஷினும் கரண்ட் மிஷினும்

என் ஓரகத்தியின் எடை மிஷினுக்குள் ஒரு குட்டி விளக்கு இருந்தது. ஏறி நின்றால் எரியும், இறங்கினால் அணையும். அதற்கு டார்ச் லைட்டுக்குப் போடுகிற பாட்டரிக் கட்டை இரண்டு போட வேண்டும். அந்த விளக்கை முதலில் பார்த்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பொறாமைதான்.

எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் எங்கள் கூட்டுக் குடும்பம். மாமனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை போட்டவர். வீடு கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. கீழே மாமனார், மாமியார், நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். அவளைத்தான் ஓரகத்தி என்கிறேன். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் வியாபாரம் பண்ணினார். என் அப்பா சாத்தான்குளத்தில் பலசரக்குக்கடை வைத்திருந்தார். இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எனக்கும் அவளுக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தது. எனக்குப் பெண், அவளுக்குப் பையன். பேறுகாலம் முடிந்து, ஐந்தாம் மாதம் இரண்டு பேரும் பிறந்த வீட்டிலிருந்து திரும்பினோம். நான் ஒரு டிரங்குப் பெட்டியும் நாட்டு மருந்து டப்பாவுமாக வந்தேன். அவள் டாக்சியில் வந்தாள். டாக்சியின் டிக்கியிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அதில் ஒன்றுதான் இந்த எடை மிஷின். தாம்பாளம் அளவுக்குத்தான் இருக்கும். மேலே பச்சை ரப்பர், முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்குள் முள்ளும் நம்பரும். சிங்கப்பூரில் இதைக் குளியலறையில் போட்டுவைப்பார்களாம். குளித்துவிட்டு ஏறி நின்று பார்ப்பார்களாம். எங்கள் குளியலறையில் ஒரு அண்டா, ஒரு செம்பு, ஒரு துவைகல். மிஷினை வைக்க அங்கே ஏது இடம்? கூடத்துக்கு வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கத் தெருவே எங்கள் கூடத்தில் நின்றது. ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்த்துப் பழகிய ஜனம். ஓசியில், அதுவும் வீட்டுக்குள் என்றால் விடுவார்களா? எதிர்வீட்டு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பூவையும் கழற்றிவைத்துவிட்டு ஏறினாள். ஓரகத்தி பக்கத்தில் நின்று, கோயில் தர்மகர்த்தா மாதிரி எல்லோரையும் ஏற்றி இறக்கினாள். சாயங்காலமானால் மிஷினை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். வயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டால் அங்கேயும் கொண்டுபோய்க் காட்டுவாள்.

குழந்தையை எடை பார்க்க ஒரு வழி இருந்தது. முதலில் நாம் தனியாக ஏறி நிற்பது. பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழந்தையின் எடை. வெள்ளிக்கிழமைதோறும் இது நடந்தது. முதலில் அவள், பிறகு நான்.

அவள் பையனோடு ஏறும்போது மாமியார் ஓடிவருவார்.

"ஏளா, நம்பரைச் சொல்லாத. கண்ணு பட்டுரும். ஏறியிருக்குன்னு மட்டும் சொல்லு, போதும்."

"ஏறியிருக்கு அத்தை."

"அது போதும்" என்று பையன் கன்னத்தில் மையை இழுத்துவிடுவார்.

நான் என் மகளோடு ஏறும்போது அந்தப் பேச்சே கிடையாது. நம்பரை மாமியாரே சத்தமாகப் படிப்பார். போன வாரமும் அதே நம்பர்தானே என்று கூடத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். மெலிந்த பிள்ளை மேல் யார் கண் படப்போகிறது என்ற எண்ணம். என் மகளின் எடை அந்தத் தெருவில் தக்காளி விலை மாதிரி எல்லோருக்கும் தெரியும். பையனின் எடை ராணுவ ரகசியம்.

மகளுக்கு எடை ஏறவில்லை. இதுதான் விஷயம். எனக்குப் பால் குறைவு. இதை இன்று எழுதுவது சுலபம். அன்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர்கள் வாயைக் கிழித்திருப்பேன். ஓரகத்திக்கோ பால் பொங்கி வழிந்தது. பையன் குடித்தது போக மிச்சத்தைச் செம்பருத்திச் செடியடியில் பீய்ச்சிவிட்டு வருவாள். போகும்போது என் அறை வாசலைத் தாண்டித்தான் போவாள். வேறு வழி இல்லையா என்றால், இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மிஷின் விளக்கு மங்கலாக எரிந்தது. என் மகளின் எடை முந்தின வாரத்தைவிடக் குறைவாகக் காட்டியது. எனக்கு அப்போதுதான் புத்தியில் பொறி தட்டியது. ரேடியோவில் கட்டை தீர்ந்தால் பாட்டு இழுக்கிறது. டார்ச்சில் தீர்ந்தால் வெளிச்சம் குறைகிறது. மிஷினில் தீர்ந்தால் எடை குறையாதா? நான் நேராக மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"ஏட்டி, உன் மவன நிறுக்கும்போது புதுக் கட்டை. என் மவளுக்கு மட்டும் செத்த கட்டையா?"

"என்னக்கா சொல்லுதிய? உள்ள எது கிடக்கோ அதுதான். ஆளுக்கு ஒரு கட்டையா மாத்திக்கிட்டிருப்பேன்?"

"வெளக்கே அழுது வடியுது. முள்ளு எப்படி ஏறும்?"

அவளுக்கும் தெரியாது. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து இரண்டு புதுக் கட்டை கொண்டுவந்தார். போட்டோம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அரை பவுண்டு கூடியிருந்தது.

"பாத்தியளா?" என்றேன்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கரண்டுல ஓடுத சாமான்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். அன்று நான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தெரு ஜனம் ஏறி இறங்கிக் கட்டை மறுபடி மங்கிவிட்டது. என் மகளின் எடையும் இறங்கிவிட்டது. மறுபடியும் புதுக் கட்டை வேண்டும் என்று நின்றேன். அப்போதுதான் ஓரகத்தி அதைச் சொன்னாள். இடுப்பில் பையன், தோளில் துண்டு, முகத்தில் ஒரு சிரிப்பு.

"கட்டை மாத்துனா எடை வந்துருமாக்கா? எடை பாலுலருந்துல்லா வரணும்."

அடுக்களையில் மாமியார் இருந்தார், வேலைக்காரி இருந்தாள். இரண்டு பேரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நான் அன்றைக்கு அவளை அடிக்கவில்லை. என் கையில் குழந்தை இருந்தது.

டின் பால் முன்பே கொடுத்துப் பார்த்தாயிற்று. குடித்ததெல்லாம் வாந்தி, பேதி. அதனால் அபிராமபுரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் மகளைக் காட்டினோம். வயதானவர். குழந்தையைத் தட்டில் போட்டு எடை எழுதிக்கொண்டார். காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"குழந்தைக்கு வியாதி ஒண்ணும் இல்லை. பசி. உனக்குப் பால் போறலை. பத்து நாள் நன்னா சாப்பிட்டுண்டு பாரு. வெயிட் ஏறலைன்னா இது தாங்காது. ஆத்துல வேற யாராவது பால் குடுக்கறவா இருக்காளா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"இருக்கா டாக்டரம்மா. சின்ன மருமவளுக்கு ரெண்டு பிள்ளைக்குப் பாலு இருக்கு."

"அப்பறம் என்ன யோசனை?" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமியார் அதையே பேசிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டுப் பிள்ளைதானே, எந்த மார்பில் குடித்தால் என்ன என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. அவளுக்குச் சிங்கப்பூர் அப்பா, அவளுக்கு டாக்சி, அவளுக்கு ஆண்பிள்ளை, அவளுக்கு மாடி. எனக்கு இருந்தது ஒரு பெண்குழந்தை. அதையும் அவள் மடியில் கொண்டுபோய் வை என்றால்? பத்து நாள் இருக்கிறது, பத்தாம் நாள் பார்ப்போம் என்றேன். ஆனால் அவளுடைய மிஷினில் பார்க்க மாட்டேன். எனக்குத் தனி மிஷின் வேண்டும். கட்டையில் ஓடுவது வேண்டாம். சுவரில் செருகுகிறது வேண்டும். கட்டை தீர்ந்து போகும், ஆள் பார்த்து மங்கும். கரண்ட் பொய் சொல்லாது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பேசாமல் மவுண்ட் ரோட்டு ஏலக்கடைக்குப் போனார். ஊரைக் காலிபண்ணிக்கொண்டு போன வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்கள் அங்கே வரும். அடையாற்றில் ஏதோ ஒரு பங்களாவின் குளியலறையில் கிடந்ததாம் ஒரு எடை மிஷின். அதைக் கைரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளை எனாமல், இரும்பு, ஆட்டுக்கல் கனம். பின்னால் பாம்பு மாதிரி ஒரு கறுப்பு வயர். செருகினால் நம்பர் வட்டம் முழுக்க விளக்கு எரியும். அவளுடையது மின்மினி என்றால் இது கல்யாண வீடு. எனக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஓரகத்தி படியில் நின்று பார்த்தாள்.

"யம்மாடி, இதைத் தூக்க ரெண்டு கூலி வேணும் போலருக்கே. என்னுது ஒத்தக் கையி."

"உன்னுது தூக்குததுக்கு. என்னுது நிறுக்கதுக்கு" என்றேன்.

வெள்ளைக்காரன் மாதிரிக் குளியலறையிலேயே வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுடைய மிஷினுக்குக் கிடைக்காத இடம் என்னுடையதற்குக் கிடைக்கட்டும் என்றுதான். பிளக் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். கண்ணம்மாபேட்டைக்காரன். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னாம்மா, இங்கயா பிளக்கு? தண்ணி கீற எடம். ஈரக் காலோட ஏறி நின்னேன்னு வெச்சுக்கோ, நேரா மேல பூடுவ. அப்பால வெயிட்டே இருக்காது உனுக்கு. கூடத்துல ரேடியோ பிளக்கு கீது பாரு, அதுல சொருகிக்கினு பாத்துக்கோ."

அப்படியே ஆயிற்று. அதில் ஒரு வம்பு. மிஷினைச் செருக வேண்டுமென்றால் ரேடியோவைப் பிடுங்க வேண்டும். மாமனாருக்குக் காலைச் செய்தி கேட்காவிட்டால் காப்பி இறங்காது.

"எம்மா, பிள்ளை எடை எங்கயும் ஓடிராது. செய்தி ஓடிரும்" என்பார். விளக்கை எரியவிட்டுப் பார்க்கக்கூட நான் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தி முடியும்வரை நிற்பேன். மாடியில் அவள் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

அந்தப் பத்து நாளும் நான் சாப்பிட்டதை மாடு சாப்பிடாது. உரித்த பூண்டைப் பாலில் வேகவைத்து முழுங்கினேன். கொட்டிவாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் தினமும் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தேன். "துண்ணும்மா, தானா ஊறும்" என்று அவள் சொல்லிவிட்டுப் போவாள். ஊறும் ஊறும் என்று நானும் சொல்லிக்கொண்டேன். மகள் மார்பில் வாய் வைப்பாள், கொஞ்சம் இழுப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். அழுகையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதை நான் கவனித்தேன். சமர்த்தாகிவிட்டாள் என்று சொன்னேன். பத்து நாளைக்குள் மகளை மிஷினில் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் தினமும் ஒரு கதை சொல்லும் என்றும் சொன்னேன்.

பத்தாம் நாள் காலை. செய்தி முடிந்து மாமனார் ரேடியோவைப் பிடுங்கிக் கொடுத்தார். நான் மிஷினைச் செருகினேன். கல்யாண வீட்டு விளக்கு எரிந்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கடைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரைக் குனிந்து நம்பர் படிக்க வைத்திருந்தேன். ஓரகத்தியும் இறங்கி வந்து நின்றாள், இடுப்பில் பையனோடு. தன் மிஷினையும் ஒற்றைக் கையில் எடுத்துவந்து பக்கத்தில் வைத்திருந்தாள். எதற்கும் ஒத்துப்பார்க்கலாம் என்றாள்.

முதலில் தனியாக ஏறினேன். அவர் நம்பர் சொன்னார். இறங்கி, மகளை வாங்கிக்கொண்டு ஏறினேன். அவர் குனிந்தார். அந்த நிமிஷம் கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. மிஷினில் இருட்டு. அந்த வருஷங்களில் பவர்கட் வராத நாள் எது?

"போயிட்டா?" என்றார் மாமியார். "எறங்கும்மா. கரண்டு வந்தப் பொறவு பாப்போம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கரண்ட் வர மத்தியானம் ஆகும். மத்தியானம்வரை மகள் என்னுடையவள். இறங்கப் போனேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு விழலை" என்றார்.

"என்னது?"

"கரண்டு போயிட்டு. முள்ளு அங்கனயேதான் நிக்கி."

நான் இறங்கினேன். முள் இறங்கியது. ஏறினேன். ஏறியது. மகளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, அவரும் நானுமாக மிஷினை ஜன்னல் பக்கம் இழுத்தோம். வயர் செத்த பாம்பாகப் பின்னாலேயே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தனியாக ஏறினேன், மகளோடு ஏறினேன். கரண்ட் இல்லாமல், ஒன்றும் இல்லாமல், அந்த மிஷின் தன்பாட்டுக்கு எடை காட்டியது. மகளை மறுபடி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, நான் ஓரகத்தியின் மிஷினை எடுத்துக் குப்புறப் போட்டேன். அடியில் இருந்த மூடியைத் திறந்து இரண்டு கட்டையையும் உருவித் தரையில் விட்டேன். அவை உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. கட்டை இல்லாத மிஷினில் தனியாக ஏறினேன், மகளை வாங்கிக்கொண்டு ஏறினேன். விளக்கு எரியவில்லை. முள் ஏறியது. இரண்டு மிஷினும் ஒரே கணக்கைக் காட்டின. டாக்டர் எழுதிக்கொண்டதைவிடக் குறைவு.

விளக்கு வெறும் விளக்கு. நம்பர் தெரிவதற்காக வைத்தது. எடை பார்ப்பது உள்ளே இருக்கிற ஏதோ ஒரு ஸ்பிரிங். அதற்குக் கட்டையும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அன்றைக்கு அரை பவுண்டு கூடியது நான் காலை மாற்றி வைத்ததால் இருக்கும், நின்ற தரை மேடுபள்ளமாக இருந்ததால் இருக்கும். சொல்லிக்கொள்ள எனக்கு இனி எதுவும் மிச்சமில்லை.

என் மகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓரகத்தியிடம் போனேன். "இந்தா" என்றேன்.

அவள் பையனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என் மகளை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கூடம் அமைதியாக இருந்தது. ஃபேனும் இல்லை, ரேடியோவும் இல்லை. மடக் மடக்கென்று என் மகள் விழுங்குகிற சத்தம் கேட்டது. நான் அவளைப் பெற்றதிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"பாவம்க்கா. எம்புட்டுப் பசி" என்றாள் ஓரகத்தி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கேலி பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் ரவிக்கை நனைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊறியிருக்கிறது. கொஞ்சம்தான்.

அப்புறம் தினமும் அது நடந்தது. பசித்தால் மகள் மாடிப்படியைப் பார்த்துக் கையை நீட்டுவாள். என்னிடம் இருக்கும்போது ஓரகத்தியின் குரல் கேட்டால் தலையைத் திருப்புவாள். நான் குளிப்பாட்டினேன், மருந்து கொடுத்தேன், துணி அலசினேன். மகள் மேல் அடித்த வாசம் மட்டும் ஓரகத்தியின் வாசம். எனக்கு மூக்கு ரொம்பக் கூர்மை.

ஒரு மாதம் போய் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி எடை பார்த்தோம். ஆண்கள் கடைக்குப் போயாயிற்று. பையன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் மாமியார், ஓரகத்தி, நான். கரண்ட் இருந்தது.

"உங்க மிஷின்லயே பாப்போம்க்கா. நம்பர் நல்லாத் தெரியுது" என்றாள். என் மகள் அவள் இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள், அதனால், தன் தனி எடையை முன்னாலேயே பார்த்துவைத்திருந்த அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் வயரைச் செருகினேன். விளக்கு எரிந்தது. நம்பரைப் பார்க்கக் குனிந்தேன். என் மகளின் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் பரபரத்தது. தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்.

மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"ஏளா, நம்பரைச் சொல்லாத. கண்ணு பட்டுரும்."

விரலில் மை எடுத்து என் மகளின் கன்னத்தில் இழுத்தார். பிறகு அவள் முகத்தை ஓரகத்தியின் தோள் பக்கமாகத் திருப்பிவிட்டார். யார் கண் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?